தட்டு இத்துனூண்டு... டப்பா எதுக்கு இவ்ளோ பெருசு?



192 ரூபாய். போன வருஷம் பழைய பேப்பர் கடை அண்ணாச்சி என் கையில் எண்ணிக் கொடுத்த தொகை இது. கிலோவுக்கு 12 ரூபாய் வீதம் 16 கிலோ பிளாஸ்டிக். அந்த 16 கிலோவும் என்னன்னு கேக்கறீங்களா? காலேஜ் காலத்திலேர்ந்து நான் சேர்த்து வச்ச 240 சினிமா டிவிடிகளோட டப்பா. உள்ளே இருந்த அட்டைப் படங்களோட சேர்த்து.

பதறாதீங்க பாஸ், டிஸ்க்கையெல்லாம் விக்கலை. வீடு மாத்தினோம். புது வீட்டுல என் ரூம், பழைய ரூம்ல பாதிதான். மூட்டை கட்டுறப்போ அம்மா ஒரு டிவிடியைத் திறந்து பார்த்துட்டுக் கேட்டாங்க... "ஏன்டா, தட்டு இத்துனூண்டு இருக்கு. இதுக்கு டப்பா எதுக்குடா இவ்ளோ பெருசு? தட்டை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போடேன்!"

லாஜிக் பக்கா. பதில் சொல்ல வாய் வரலை. ஜிப் வச்ச பெரிய பவுச் ஒண்ணு வாங்கினேன். ஒவ்வொரு டிஸ்க்கா உருவி அதுல சொருகினேன். சாயங்காலத்துக்குள்ள என்னோட மொத்த லைப்ரரியும் ஒரு ஸ்கூல் பேக் சைஸுக்கு வந்துடுச்சு. 'அடடா, இதை அஞ்சு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கலாமே'ன்னு நானே என் முதுகில் தட்டிக்கிட்டேன்.

அப்புறம் தூக்கம் போச்சு. அதைக் கடைசியில் சொல்றேன். முதல்ல, அன்னிக்கு ராத்திரி மண்டையைக் குடைஞ்ச கேள்வி இதுதான்... படம் சேர்க்கிறவனுக்குக் கவர் முக்கியமா, இல்லையா? படம்தானே படம்? உறையில் என்ன இருக்கு?

உங்கள்ல பல பேரோட லேப்டாப்பில் டிஸ்க் போடற ட்ரேயே இருக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேளுங்க மக்களே... மேட்டர் உங்களுக்கும் சம்பந்தப்பட்டதுதான்!

அந்த ஏழு சென்டிமீட்டர்

முதல்ல அம்மாவுக்குப் பதில். டிஸ்க்கோட குறுக்களவு 12 செ.மீ. டிவிடி டப்பாவோட உயரம் 19 செ.மீ. பாக்கி 7 செ.மீ. யாருக்கு?

கடைக்காரருக்கு! அமெரிக்காவில் டிவிடி விற்பனைக்கு வந்தது 1997-ல். அப்போ ஊரெல்லாம் இருந்தது வி.ஹெச்.எஸ். வீடியோ கேசட்டு. கடைகளிலும் வாடகை லைப்ரரிகளிலும் கேசட் உயரத்துக்குத்தான் ஷெல்ஃப் அடிச்சு வச்சிருந்தாங்க. புதுசா வந்த தட்டுக்காக யார் ஆசாரியைக் கூப்பிடுவா? அதனால டிவிடி டப்பாவைக் கேசட் உயரத்துக்கே செஞ்சாங்க. அதே டிஸ்க் சைஸ் உள்ள ஆடியோ சி.டி.க்கும் நம்ம வி.சி.டி.க்கும் சின்ன டப்பா போதுமானதா இருந்ததைக் கவனிங்க. ப்ளூ-ரே வந்தப்போ உயரத்தைக் கொஞ்சம் குறைச்சு, கலரை நீலமா மாத்தினாங்க.

ஆக, கவர் பிறந்ததே வியாபாரத்துக்குத்தான். தூரத்தில் நிக்கிறவன் கண்ணைப் பிடிச்சு இழுக்கணும், பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்க வைக்கணும், பர்ஸைத் திறக்க வைக்கணும். வேலை முடிஞ்சது. கல்யாணம் முடிஞ்சதும் பத்திரிகையைப் பத்திரமா வைக்கிறோமா என்ன? இது 'கவர் வேஸ்ட்' கட்சியோட முதல் பாயின்ட். லேசுப்பட்ட பாயின்ட் இல்லை.

34 ரூபாய் புரட்சி

ரெண்டாவது பாயின்ட் இன்னும் ஸ்ட்ராங்.

2007-ல் மோசர் பேர்ங்கிற இந்திய கம்பெனி வீடியோ மார்க்கெட்டில் குதிச்சது. வி.சி.டி. 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய். ஒரிஜினல்! அதுவரைக்கும் ஒரிஜினல் டிவிடின்னா நூறு ரூபாய்களில் பேசணும். ஸ்டூடன்ட்ஸ் நாங்க எல்லாம் பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் கவர் போட்ட 'அஞ்சு படம் ஒரே டிஸ்க்' கேஸுங்க. கவர்ல அஞ்சு ஹீரோ சிரிப்பாங்க. உள்ளே போட்டா நாலாவது படத்துக்குப் பதிலா, யாருமே கேள்விப்படாத ஒரு டப்பிங் படம் ஓடும். யார்கிட்ட போய்ச் சண்டை போடறது?

அந்த நேரத்துல 34 ரூபாய்க்கு ஒரிஜினல்னா? மெஸ்ஸில் ரெண்டு நாள் டீயைக் கட் பண்ணினா ஒரு படம் சொந்தம். தடிமனான புத்தகம், போஸ்டர், அலங்கார அட்டைப்பெட்டி எதுவும் கிடையாது. படம் மட்டும். அந்த கம்பெனி 2018-ல் திவாலாகி மூடுவிழா கண்டது வேற கதை. ஆனா, என் ஜெனரேஷன்ல பல பேருக்கு 'சொந்தமா ஒரு படம் வச்சிருக்கேன்'ங்கிற கெத்தைக் கொடுத்தது அலங்காரம் இல்லாத அந்த டிஸ்க்தான். கவருக்குக் கூட நூறு ரூபாய் கேட்டிருந்தா நாங்க வாங்கியே இருக்க மாட்டோம்.

கவரே இல்லாம ஜெயிச்ச கதையும் உண்டு. நெட்ஃப்ளிக்ஸ் ஆரம்பத்தில் தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பற கம்பெனி. 1998-லேர்ந்து 2023 செப்டம்பர் வரைக்கும் அனுப்பினாங்க. மொத்தம் 500 கோடிக்கும் மேல டிஸ்க்! டப்பாவும் கிடையாது, அட்டைப் படமும் கிடையாது. பேப்பர் உறைக்குள்ள டிஸ்க். அதை மூடி ஒரு சிவப்புத் தபால் உறை. அவ்வளவுதான். கவர் இல்லையேன்னு யாரும் கொடி பிடிக்கலை.

ஏன் பிடிக்கலை? இங்கதான் மேட்டர் இருக்கு. அது பார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்கிற டிஸ்க். பார்க்கிறவனுக்குப் படம் போதும். வச்சுக்கிறவனுக்கு? 2023-ல் கடையை மூடறப்போ, 'கடைசியா வந்த டிஸ்க்கைத் திருப்ப வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்க'ன்னு சொல்லிட்டாங்க. அந்த நிமிஷத்திலேர்ந்து குப்பைக் கூடைக்குப் போக வேண்டிய அந்தச் சிவப்பு உறையே நினைவுப் பொருளாயிடுச்சு. வாடகை டிஸ்க் சொந்த டிஸ்க்கா மாறினதும் உறைக்கும் மதிப்பு வந்துடுச்சு பார்த்தீங்களா!

நம்பர் போட்டா விட மாட்டோம்ல!

சேர்க்கிறவங்க உலகத்துக்குள்ள போவோம். இந்த உலகத்தோட சூப்பர் ஸ்டார், அமெரிக்காவோட க்ரைட்டீரியன் கலெக்‌ஷன். 1984-ல் லேசர் டிஸ்க் காலத்தில் ஆரம்பிச்சது. லேசர் டிஸ்க்னா நம்ம தாத்தா காலத்து எல்.பி. ரெக்கார்டு சைஸ். உறையும் அதே சைஸ். சுவத்துல மாட்டலாம்!

1998-ல் டிவிடிக்கு வந்தப்போ, ஒவ்வொரு படத்தோட டப்பா முதுகிலும் ஒரு நம்பர் போட்டாங்க. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரோட 'கிராண்ட் இல்யூஷன்' நம்பர் 1. குரோசவாவோட 'செவன் சாமுராய்' நம்பர் 2. 2019-ல் 1000-மாவது நம்பரை காட்ஜில்லாவோட 15 பழைய படங்களுக்குக் கொடுத்து, ராட்சச சைஸ் புத்தகம் மாதிரி ஒரு பெட்டி போட்டாங்க.

ஒரு நம்பர்தானே, அதுல என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? 38, 39 இருந்து 41 இருந்தா, 40-ஐ வாங்காம ஒரு கலெக்டரால் தூங்க முடியுமா? அந்த 40 என்ன படம் தெரியுமா? விண்கல்லை வெடிக்கக் கிளம்பற மைக்கேல் பே படம், 'ஆர்மகெடான்'! உலக சினிமா ஷெல்ஃபுக்கு நடுவில் ஹாலிவுட் மசாலா. திட்டிக்கிட்டே வாங்கினவங்க உண்டு. ஜான் வூவோட 'தி கில்லர்', 'ஹார்ட் பாயில்ட்' ரெண்டும் 8, 9. உரிமை போய் அந்தப் பதிப்புகள் அச்சில் இல்லாமப் போனதும், செகண்ட் ஹேண்ட்ல விலை எகிறிடுச்சு. படத்துக்குக் கொடுத்த விலையா, முதுகில் இருந்த நம்பருக்குக் கொடுத்த விலையா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லணும்.

அட்டை வரைஞ்ச ஆளு

சரி, கவர்னாலே ஏமாத்து வேலைதானா? அப்படியும் சொல்லிட முடியாது பாஸ். ஒரு ஆளைப் பத்திச் சொல்றேன்.

1940-களில் கல்கத்தாவில் சிக்னெட் பிரஸ்னு ஒரு பதிப்பகம். அங்கே புத்தகங்களுக்கு அட்டை வரைஞ்சுக்கிட்டிருந்தார் ஒரு இளைஞர். நேருவோட 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வுக்கு அட்டை போட்டவர் அவர்தான். ஜிம் கார்பெட்டோட புலி வேட்டைப் புத்தகம் வங்காளத்தில் வந்தப்போ, அட்டை முழுக்கப் புலித்தோல். முன்பக்கம் துப்பாக்கிக் குண்டு உள்ளே போன சின்ன ஓட்டை. பின்பக்கம் குண்டு வெளியே வந்த பெரிய ஓட்டை. நடுவில் இருக்கிற புத்தகம்தான் புலி! அட்டை வெறும் அலங்காரமா இல்லாம, புத்தகத்தையே ஒரு தடவை படிச்சுக் காட்டுது இல்லையா?

அதே பதிப்பகம் ஒரு வங்க நாவலோட சிறுவர் சுருக்கத்துக்குப் படம் வரையச் சொல்லி அவர்கிட்ட கொடுத்தது. வரையறப்போதான் இதைப் படமா எடுத்தா என்னன்னு மனசுல பட்டுது. அந்த நாவல் 'பதேர் பாஞ்சாலி'. அந்த இளைஞர் சத்யஜித் ரே. 1955-ல் படம் வந்தது. அப்புறமும் தன் படங்களுக்கு போஸ்டர் வரையறதை அவர் விடவே இல்லை. உறை வரையற கையும் படம் எடுக்கிற கையும் ஒண்ணா இருக்கலாம்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

அந்த அப்பு மூன்று படங்களோட மூல நெகட்டிவ், 1993-ல் லண்டன் லேப் ஒண்ணுல நடந்த தீ விபத்தில் கருகிப்போச்சு. எரிஞ்சு மிஞ்சினதை வருஷக்கணக்கா ஒட்டி, சுத்தம் பண்ணி, 2015-ல் திரும்பக் கொண்டுவந்தாங்க. அதே வருஷம் க்ரைட்டீரியன் அதைப் பெட்டியாப் போட்டது. இப்படிப் பிழைச்சு வந்த படத்தை ஒரு நல்ல பெட்டியில் வைக்கிறது ஆடம்பரமா? எனக்கு மரியாதையாத்தான் தெரியுது.

இன்னொரு உதாரணம். நம்ம 'கஜினி'க்கு (2005) உந்துதலா இருந்த கிறிஸ்டோஃபர் நோலனோட 'மெமன்டோ'. 2002-ல் வந்த அதன் ஸ்பெஷல் டிவிடியைக் கையில் எடுத்தா டிவிடி மாதிரியே இருக்காது. மனநல ஆஸ்பத்திரியில் ஹீரோவைப் பத்தின கேஸ் ஃபைல் மாதிரி இருக்கும். டிஸ்க்கைப் போட்டாலும் நேரா படம் ஓடாது. மனநல டெஸ்ட் மாதிரி கேள்விகள் வரும். தடுமாறித் தேடித்தான் படத்துக்குள்ள போகணும். தலைகீழா ஓடற கதையை நேர் வரிசையில் பார்க்கிற வசதியும் அதுக்குள்ள ஒளிஞ்சிருந்தது. படம் பார்க்க உக்காந்தவன் ஹீரோ மாதிரியே முழிக்கணும்! அவசரத்துல இருந்தவன் திட்டியிருப்பான். ரசிகன் சுத்திச் சுத்தித் தேடியிருப்பான். அங்கே டப்பாவைத் தூக்கிப் போட்டா படத்தில் ஒரு துண்டையே தூக்கிப் போட்ட மாதிரி.

பிரிக்காத பொட்டலம்

இப்படியே போனா நானும் கவர் கட்சியில் சேர்ந்துடுவேன். கொஞ்சம் பிரேக் போடுவோம்.

ஸ்டீல்புக்னு ஒரு ஐட்டம் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்கனாவோ கம்பெனியோட தகர டப்பா. தொட்டா ஜில்லுனு, பார்த்தா பளபளன்னு இருக்கும். ஆனா பல சமயம் உள்ளே இருக்கிறது உங்க வீட்டில் ஏற்கெனவே இருக்கிற அதே டிஸ்க். படம் அதே, பிரிண்ட் அதே, டப்பா மட்டும் புதுசு. கீறல் விழுந்துடுமோன்னு பயந்து, மேல சுத்தின பிளாஸ்டிக்கைக் கூடப் பிரிக்காம வைக்கிறவங்க இருக்காங்க. பார்க்க ஒண்ணு, வைக்க ஒண்ணுன்னு ரெண்டு வாங்கறவங்களும் இருக்காங்க. பிரிக்காத டப்பாவுக்குள்ள படத்துக்குப் பதிலா அப்பளம் இருந்தாலும் அவங்களுக்குத் தெரியாது!

அழகான பெட்டியே டிஸ்க்குக்கு எமனாகிறதும் உண்டு. அட்டையில் இறுக்கமா ஒரு பிளவு வெட்டி, அதுக்குள்ள டிஸ்க்கைச் சொருகற பெட்டிகள். ஒவ்வொரு தடவை உருவும்போதும் கீறல். 50 ரூபாய் பிளாஸ்டிக் டப்பா அந்தத் தப்பைப் பண்ணாது.

இன்னொரு பக்கம் பாருங்க. 2000-களோட பிற்பாதியில் அச்சான சில வார்னர் டிவிடிகள், பத்திரமா வச்சிருந்தும் ஓடாமப் போயிடுச்சு. டிஸ்க்கோட உள்ளடுக்கே கெட்டுப்போற வியாதி. அந்த கம்பெனியும் 2025-ல் இதை ஒப்புக்கிட்டு மாத்தித் தர முன்வந்தது. யோசிச்சுப் பாருங்க... அட்டைப் படம் புத்தம் புதுசா சிரிக்குது, உள்ளே படம் செத்துக் கிடக்குது. அப்போ அந்த டப்பா எதுக்கு?

நியாயமான கேள்வி. இதுக்கு என்கிட்ட பதில் இருந்தது. அதைத்தான் 192 ரூபாய்க்கு வித்துட்டேன்.

17 ரூபாய்

2008. ஹாஸ்டல். செகண்ட் இயர். நானும் என் ரூம்மேட்டும் ஒரு 34 ரூபாய் டிவிடியை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். அன்னிக்கு என்கிட்ட காசு இல்லை. முழுசா அவன்தான் கொடுத்தான். படம் பேரைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. படு மொக்கை! இடைவேளைக்கு முன்னாடியே பாதி ரூம் தூங்கிடுச்சு. அவன் கடுப்பாகி அட்டையை உருவி, பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் எழுதினான்: 'மாப்ள, இந்தக் கொடுமைக்கு நீ எனக்கு 17 ரூபாய் தரணும். மறந்துடாதே.' கீழே தேதி, கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து வேற, எதிர் ரூம்காரன்!

நான் அந்த 17 ரூபாயைக் கொடுக்கவே இல்லை. அது எங்களுக்குள்ள நிரந்தர ஜோக். வேலை, ஊர், கல்யாணம்னு அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பேச்சு குறைஞ்சு, பிறந்த நாள் மெசேஜாகி, அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. எப்பவாவது ஷெல்ஃபில் அந்த டப்பா கண்ணுல பட்டா மட்டும், 'டேய், கடன்காரன் ஞாபகம்'னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புவேன். அவன் வட்டிக் கணக்கு அனுப்புவான்.

பவுச்சை மூடின அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்குத்தான் இது உறைச்சது. மறுநாள் காலையில் அண்ணாச்சி கடைக்கு ஓடினேன். "காலையிலயே லோடு போயிடுச்சே தம்பி"ன்னார்.

அந்த டிஸ்க் இருக்கு. பவுச்சில் எங்கேயோ இருக்கு. ஆனா அதைப் பார்க்க என் வீட்டில் பிளேயர் இல்லை, லேப்டாப்பில் ட்ரே இல்லை. இப்போ புரியுதா? ஒரு டிவிடியில் எந்த மெஷினும் இல்லாம பார்க்கக்கூடிய பாகம் ஒண்ணே ஒண்ணுதான். அதைத்தான் நான் எடைக்குப் போட்டேன்.

இன்னொண்ணும் நடந்தது. முன்னாடியெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும் ஷெல்ஃப் முன்னாடி தலையைச் சாய்ச்சு நின்னு முதுகு முதுகாப் படிப்பாங்க. "அட, இது உன்கிட்ட இருக்கா!"ன்னு ஒரு பேச்சு ஆரம்பிக்கும். பவுச் வந்ததுக்கப்புறம் ஒருத்தரும் கேக்கலை. ஜிப் போட்ட பையைத் திறந்து பார்க்க யாருக்குத் தோணும்?

உங்க மேட்டர்

இப்போ உங்க பக்கம் வருவோம். உங்க ஸ்க்ரீனில் வர்ற குட்டிப் படமும் கவர்தான். ஆனா ஒரு வித்தியாசம். ஆளுக்குத் தகுந்த மாதிரி அந்தப் படத்தை மாத்தறதா 2017-ல் நெட்ஃப்ளிக்ஸே விளக்கியிருக்கு. அவங்க சொன்ன உதாரணம் 'குட் வில் ஹன்ட்டிங்'. காதல் படமா பார்க்கிறவருக்கு ஜோடி படம், காமெடி பார்க்கிறவருக்கு ராபின் வில்லியம்ஸ் படம். அதாவது நீங்க கவரைப் பார்க்கலை... கவர் உங்களைப் பார்க்குது! நீங்களும் உங்க ஃப்ரெண்டும் ஒரே படத்தைப் பார்த்திருந்தாலும், 'அந்த அட்டை ஞாபகம் இருக்கா?'ன்னு கேக்க முடியாது. அதோட பின்பக்கத்துல 17 ரூபாய்க் கடன் எழுதவும் முடியாது.

அதனால என் தீர்ப்பு இதுதான். அதே டிஸ்க்கைப் புது டப்பாவுக்காக மறுபடி வாங்கறீங்களா? அந்தக் காசுல பார்க்காத ஒரு படத்தை வாங்குங்க. பெட்டி டிஸ்க்கைக் கீறுதா? டிஸ்க்கை வெளியே எடுத்து வேற உறையில் போடுங்க. ஆனா, உங்க கை பட்ட கவர், யாரோ கிறுக்கின கவர், யார்கூட வாங்கினோம்னு ஞாபகம் வர்ற கவர்... இதை மட்டும் தூக்கிப் போடாதீங்க. படம் எங்கேயாவது திரும்பக் கிடைக்கும். இது கிடைக்காது.

இடம் இல்லைன்னா? டப்பாவை எடைக்குப் போட்டுட்டு, அட்டைப் பேப்பரை மட்டும் உருவி ஒரு ஃபைலில் வைங்க. 240 பேப்பரும் ஒரு ரெக்கார்டு நோட்டு தடிமன்தான் வரும். இந்த ஐடியா எனக்கு ஒரு நாள் லேட்டா வந்தது. உங்களுக்காவது நேரத்துக்கு வரட்டும்.

ஆங்... அப்புறம், போன வாரம் அவனுக்கு போன் போட்டேன். ரொம்ப வருஷத்துக்கப்புறம். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்:

"அப்போ எழுத்து மூலமா ஆதாரம் எதுவும் இல்லை?"

"இல்லை மாப்ள."

"பரவால்லை. சாட்சிக் கையெழுத்து போட்டவன் இன்னும் உயிரோடதான் இருக்கான். அடுத்த மாசம் ஊருக்கு வர்றேன். 17 ரூபாயைச் சில்லறையா எடுத்து வை!"

எடுத்து வச்சிருக்கேன் ஃப்ரெண்ட்ஸ். ஒரு பத்து ரூபாய் காயின், ஒரு அஞ்சு, ஒரு ரெண்டு. அந்த மூணையும் ஒரு காலி டிவிடி டப்பாவுக்குள்ள போட்டு ஷெல்ஃபில் நிக்க வச்சிருக்கேன். அம்மா இன்னும் கேக்கலை, காசு இத்துனூண்டு, டப்பா எதுக்கு இவ்ளோ பெருசுன்னு.

அடுத்த வாரம் பார்ப்போம்!